2147483647 பகா எண் என்பதை விளக்க எளிய வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், படிவம் ஐந்து இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதவிருக்கும் தோட்டப்புற மாணவர்கள் சிலருக்கு மாலை வேளைகளில் கணிதம் சொல்லித் தருகிறேன். 2-இன் 31ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 2147483647 ஒரு பகா எண் என்று கணித அறிஞர் ஆய்லர் 1772-இல் நிறுவிய முறையை அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

'ப' என்னும் பகா எண் இதை வகுக்குமானால், ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைக் கொண்டு (ப-ஆல் வகுபடாத எந்த எண்ணின் (ப−1)ஆம் அடுக்கையும் ப-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது அது), ப-இலிருந்து 1-ஐக் கழித்து வருவது 31-ஆல் வகுபடும் என்று காட்டலாம்; ப ஒற்றைப்படை எண் என்பதால் அந்தக் கழித்த எண் 62-ஆலும் வகுபடும். இதுவரை மாணவர்களுக்குப் புரிகிறது.

சிக்கல் அடுத்த படியில்தான். 2-இன் 32ஆம் அடுக்கை ப-ஆல் வகுத்தால் மீதி 2 வருவதால், அதாவது ஒரு வர்க்க எண் 2-ஐ மீதியாகத் தருவதால், ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மட்டுமே மீதியாக வரும் என்கிறோம். இதை ஏற்றுக்கொண்டால், 2147483647-இன் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரையுள்ள எண்களில் 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தருபவற்றை மட்டும் சோதித்தால் போதும். அவை நானூறுக்கும் குறைவு, பகா எண்களை மட்டும் எடுத்தால் இன்னும் குறைவு. இவ்வளவு பெரிய எண்ணைக் கையாலேயே அடக்கிவிடும் அழகு இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு வர்க்க எண் குறிப்பிட்ட மீதியைத் தருமா என்று கண்டறிய உதவும் காஸின் துணைத்தேற்றத்தை வைத்து இந்தப் படியை நிறுவ எனக்குத் தெரியும். ஆனால் படிவம் ஐந்து மாணவர்களுக்கு அது கனமானது. 7, 17, 23 போன்ற சிறிய எண்களில் தொடங்கி, நிறுவலை மழுப்பாமல் இதை விளக்கும் வழி தெரிந்த ஆசிரியர்கள் இங்கே எழுதினால் பேருதவியாக இருக்கும்.