நாரிநோ உள்ளவருக்கு எது: மெக்கிலின் மூன்று பயிற்சியா, நடையா?

வாவிக்கரை:
"நாரி நோகுது" என்று ஜிம்முக்கு வருகிறவரிடம் முதல் நாளே 50 சிட்-அப்பும் 2 நிமிடப் பிளாங்கும் செய்யச் சொல்லும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. ஒரு சிட்-அப்பில் நாரி முள்ளெலும்புகளில் 3000 நியூட்டனுக்கு மேல் அமுக்கம் விழுகிறது, அதாவது 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரம். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போலிருக்கும், ஏற்கெனவே நொந்திருக்கிற டிஸ்க்குக்கு அதை 50 தரம் கொடுப்பது வைத்தியம் அல்ல.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டை ஆராய்ந்த ஸ்டுவர்ட் மெக்கில் மூன்றைத்தான் முன்வைத்தார்: கர்ல்-அப், சைட் பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடலை நேராக உயர்த்திப் பிடிப்பது), பேர்ட் டோக் (கையும் முழங்காலும் ஊன்றி நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது). இடம் பாயோ சீமெந்துத் தரையோ. மெத்தையும் கடற்கரை மணலும் வேண்டாம், கையும் முழங்காலும் புதைந்து நாரி கோணும்.

கர்ல்-அப்: மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடியுங்கள், மற்றக் கால் நீட்டியபடி. இரண்டு கையையும் நாரி வளைவுக்குக் கீழே வையுங்கள், அந்த வளைவு தரையில் தட்டையாகக் கூடாது. தலையும் தோளும் தரையை விட்டு இலேசாக எழும்பினால் போதும். நாடி நெஞ்சுக்குப் போனால் கழுத்துத்தான் வேலை செய்கிறது. 8 முதல் 10 விநாடி பிடித்து விடுங்கள். முதல் 6 தரம், சற்று ஆறி 4, பிறகு 2. மூச்சை அடக்க வேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் முக்கியமாக.

கல்லடிக்காற்று:
செய்முறையில் எனக்குப் பிணக்கு இல்லை. "இதுதான் வழி" என்பதில் பிணக்கு உண்டு. நாட்பட்ட நாரிநோவுக்கு இப்படித் தசைக் கட்டுப்பாட்டுப் பயிற்சி மற்றப் பயிற்சிகளை விட மேலானதல்ல என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் வந்த கொக்ரேன் மீளாய்வு சொல்லிவிட்டது. 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவுஸ்திரேலிய ஆய்வில் 701 பேர். நடைத்திட்டம் கொடுத்தவர்களுக்கு நோ திரும்ப வர இடைநிலையாக 208 நாள் எடுத்தது, கொடுக்காதவர்களுக்கு 112 நாள். கல்லடிக் கடற்கரை வீதியில் நடக்கக் காசு கேட்கிறார்களா?

3000 நியூட்டன் என்று சொல்லிப் பயமுறுத்துவதும் சரியில்லை. 20 கிலோ வாளியைக் குனிந்து தூக்கினாலே அந்த அளவு பாரம் நாரிக்கு வரும். 50 கிலோ யூரியா மூட்டை தூக்குகிற படுவான்கரை வயல்காரனிடம் "குனியாதே" என்றால் அவன் பிழைப்பு என்னாவது? பயந்து விறைத்து நடக்கிறவனுக்கு நோ கூடுமே தவிரக் குறையாது.

வாவிக்கரை:
அந்த 701 பேரும் நோ மாறி எழும்பியவர்கள். திரும்ப வராமல் தடுக்க நடை நல்லது என்பதே அதன் முடிவு. இன்றைக்குக் குனிந்து சப்பாத்துக் கட்ட முடியாதவருக்கு என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. வயல்காரன் குனியவே கூடாது என்று நான் சொல்லவும் இல்லை. விடிய எழும்பிய கையோடு குனியாதே என்கிறேன். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் குனிந்தால் அதன்மேல் விழும் இழுவை அதிகம். 5 மணிக்கு எழும்புகிறவர் நீர் திறந்துவிடுவது, வரம்பைச் சுற்றிப் பார்ப்பது போன்ற வேலையை முதலில் செய்யலாம். மூட்டையும் மண்வெட்டியும் பிறகு.

கல்லடிக்காற்று:
அது சரி, ஏற்கிறேன். ஆனால் மூன்று பயிற்சியோடு நின்றுவிட்டால் மூட்டை தூக்கும் பலம் வராது. 5 கிலோ அரிசிப் பையை முழங்கால் உயர மேசையிலிருந்து எடுக்கத் தொடங்கி, பிறகு தரையிலிருந்து, பிறகு 10 கிலோ என்று ஏற்ற வேண்டும். அளவுகோல் இதுதான்: பத்துக்கு மூன்று வரை நோ வரலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பாரத்தைப் பாதியாக்குங்கள். நோ காலில் இருந்து நாரிப்பக்கம் ஏறினால் நல்ல அறிகுறி. நாரியிலிருந்து கெண்டைக்கால், பாதம் என்று இறங்கினால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை விடுங்கள்.

தறிமேடை (மருதமுனை):
இரண்டு பேரும் சொல்வதை வாசித்தேன். ஒரு கேள்வி. தொப்புளை உள்ளே இழுத்துப் பிடி என்கிறார்களே, அது சரியா? அடுத்தது, தறியில் நாள் முழுக்க முன்சரிந்து இருக்கிறவருக்குச் சைட் பிளாங்கில் தோள் நோகும். அவர் என்ன செய்வது?

கல்லடிக்காற்று:
நானா, தொப்புளை இழுக்கும் முறை குவீன்ஸ்லாந்தின் ஹோட்ஜஸ், ரிச்சட்சன் ஆகியோரின் 1996 ஆய்விலிருந்து பரவியது. நாரிநோ உள்ளவர்களுக்கு வயிற்றின் ஆழ்தசை சற்றுப் பிந்தி இறுகுகிறது என்று கண்டார்கள். அதற்காக நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. இலேசாக இருமிப் பாருங்கள், வயிறு சுற்றிவர இறுகும். அந்த இறுக்கத்தில் கொஞ்சம் போதும், பேச முடிகிற அளவு.

இன்னொன்று. அறுபது தாண்டியவர், நடந்தால் கால் விறைக்கிறது, குந்தினால் அல்லது முன்சரிந்தால் ஆறுகிறது என்றால் நரம்புக் கால்வாய் ஒடுங்கியிருக்கலாம். நான் சொன்ன நடை அவருக்குக் கஷ்டம். சைக்கிள் உழக்குவது பொருந்தும்.

வாவிக்கரை:
இதில் எனக்கும் மறுப்பில்லை. பேர்ட் டோக்கில் பெரும்பாலானோர் விடும் பிழையையும் சொல்லிவிடுகிறேன்: காலை இடுப்புக்கு மேலே தூக்குவது. அப்போது நாரி கீழே குழிகிறது, நோ அங்கேதான் வரும். முதுகில் ஒரு துவாயை மடித்துப் போட்டால் அது சரிந்து விழக்கூடாது. விழுந்தால் கையைத் தூக்காமல் காலை மட்டும் பின்னே நீட்டுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, குந்துமிடத்தைச் சுற்றி விறைத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ பயிற்சியை மறந்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவில் விடாத நோ, காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது, விழுந்த பிறகு வந்த நோ, இவற்றுக்கும் முதலில் டொக்டர்.

தோள் நோகிறவர் தரைக்கு இறங்க வேண்டாம் நானா. சுவருக்குப் பக்கவாட்டில் நின்று முழங்கையை நெஞ்சு உயரத்தில் சுவரில் ஊன்றுங்கள், பாதம் சுவரிலிருந்து 2 அடி தள்ளி. தோளும் இடுப்பும் ஒன்றாகச் சேர்ந்து திரும்பி மற்ற முழங்கைக்கு வர வேண்டும். இடுப்பு முந்தினால் நாரி முறுகும், அப்போது பாதத்தைச் சுவருக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள். அது நோகாமல் வந்த பிறகு தரையில், முழங்கால் மடித்த சைட் பிளாங்க்.

தறிமேடை (மருதமுனை):
தறியில் இருந்து எழும்பிய உடனேயே செய்யலாமா?

வாவிக்கரை:
வேண்டாம். நெடுநேரம் முன்சரிந்து இருந்த நாரிக்கு முதலில் 5 நிமிடம் நடை கொடுங்கள். அந்த இடத்தில் கல்லடிக்காற்று சொல்வதுதான் சரி.