ஆறு கடப்பதைப் பார்க்க மூன்று நாள் போதுமா?
நண்பர்களே, ஆகஸ்டில் அம்மாவைக் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கூட்டிப் போகிறேன். 66 வயது, முழங்கால் வலி வேறு; ஆனாலும் வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான் வகை) கூட்டத்தைப் பார்த்தே தீருவேன் என்கிறார்.

மாரா ஆற்றை அவை எப்போது கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். கரைவரை வந்து, முண்டியடித்து, மணிக்கணக்கில் நின்றுவிட்டு அப்படியே திரும்பியும் போய்விடுமாம். அதற்கு மூன்று இரவு போதுமா? இல்லை, பிப்ரவரியில் தான்சானியாவில், தெற்கு செரங்கெட்டி பக்கம் கன்று ஈனும் சமயத்தில் போவது மேலா?

அப்புறம், நைரோபியிலிருந்து ஐந்தாறு மணி நேரச் சாலைப் பயணத்தை அம்மாவின் முழங்கால் தாங்குமா? சின்ன விமானம் என்றால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். அம்மாவின் ஊறுகாய் பாட்டிலே இரண்டு கிலோ வரும்!

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை 10 நாள் முன்பே போடவேண்டும் என்பது தெரியும். மற்றதைப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.