கலைச்சொல் விவாதம்: ‘எண்ணெய் இருப்பு’க்கு மாற்றாக ‘எட்டும் வளம்’

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநில எண்ணெய் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் ஆம்பூர் ஐயா, ‘டெக்னிக்கலி ரெகவரபிள் ரிசோர்ஸ்’ (இன்றைய கருவிகளால் எடுக்க முடிகிற வளம்) என்பதை ‘எண்ணெய் இருப்பு’ என்றே எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கூடாது என்பேன்.

ரேஷன் கடைப் பலகையில் அரிசி, சர்க்கரைக்கு எதிரே ‘இருப்பு’ என்று கிலோக் கணக்கு எழுதியிருக்கும். எடைபோட்டு உள்ளே அடுக்கிய சரக்கு அது. கட்டுரை பேசும் அலாஸ்காவின் ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் அப்படி எதுவும் இல்லை. அதன் கரையோரச் சமவெளியையும் ஒட்டிய பகுதிகளையும் சேர்த்து அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1998இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 570 கோடி பீப்பாயும் இருக்கலாம், 1,600 கோடியும் இருக்கலாம், சராசரி 1,040 கோடி. கருவிகளால் மேலே கொண்டுவர முடிகிற அளவு இது. எடுத்தால் கையைக் கடிக்குமா என்பது இந்தக் கணக்கில் இல்லை. அந்தச் சராசரி முழுவதும் கிடைத்தாலும் அமெரிக்காவின் ஒன்றரை ஆண்டுத் தேவைக்குப் போதாது.

‘1,040 கோடி பீப்பாய் இருப்பு’ என்று படிப்பவர், கைவசமுள்ள செல்வத்தைக் கரிபு மான்களுக்காகப் பூட்டி வைத்திருப்பதாகத்தானே நினைப்பார்? அந்த மான்கள் கன்று ஈனும் இடம் அது. அந்த மந்தையை நம்பி வாழும் குவிச்சின் பழங்குடி மக்களுக்கு இப்படி ஒரு சொல்லால் நாம் அநியாயம் செய்யக் கூடாது.

குடியாத்தம் அம்மா சொன்ன ‘எடுக்கத்தகு வளம்’, ‘புதுப்பிக்கத்தகு ஆற்ற’லுக்கு இணையாக அழகாகவே இருக்கிறது. ஆனால் ‘தகும்’, ‘தகாது’ என்று நாம் நியாயத்தை அல்லவா பேசுகிறோம்? எடுக்க முடியும் என்று பொறியாளர் சொன்னதை, எடுப்பது தகும் என்று நாம் எழுதியதாகிவிடும்.

என் முன்மொழிவு: கருவிக்கு எட்டுவது ‘எட்டும் வளம்’. அதில் செலவுக்குக் கட்டுவது ‘கட்டுபடி வளம்’. துளையிட்டு உறுதிசெய்த, கட்டுபடியாகும் எண்ணெயை மட்டும் ‘மெய்ப்பித்த இருப்பு’ எனலாம். இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கல்ல. அந்தப் புகலிடத்தில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்காக நடந்த 2021 ஜனவரி ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. 2025 ஜனவரி ஏலத்தில் கேட்க ஆளே வரவில்லை.

‘மெய்ப்பித்த’ என்ற அடைமொழியைப் பாலாற்றங்கரைக்காரர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. தீங்கு வராது என்று மெய்ப்பிக்க வேண்டியவர் தொழில் நடத்துபவரே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது நம் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான். அதற்குள் நம் கிணறுகள் உவர்த்துப்போயிருந்தன.

நான் மாற்று ஆற்றல் பக்கம் நிற்பவன். அதனாலேயே அங்கும் கறாராக இருக்கச் சொல்கிறேன். மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் வேலூர் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 யூனிட் வரும். ஐப்பசி மழையில் குறையும். ஆகவே அந்த 3 கிலோவாட் போன்ற ‘நிறுவுதிறனை’ யாரும் ‘உற்பத்தி’ என்று எழுத வேண்டாம்.

காட்பாடியிலிருந்து

*

‘எட்டும் வளம்’ எனக்குச் சம்மதம். தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘எட்டு வளம்’ ஆக்கிவிடாதீர்கள், எண்ணாகிவிடும். ‘கட்டுபடி’ பேச்சுவழக்கு என்று சிலர் தள்ளக்கூடும். நெல்லுக்கும் கரும்புக்கும் கட்டுபடியான விலை கேட்டு உழவர்கள் போராடுவதை நாளிதழ்கள் அந்தச் சொல்லால்தானே அச்சிடுகின்றன? இன்னொன்று: அந்த 1,040 கோடி இன்னும் கண்டறியப்படாத எண்ணெயின் மதிப்பீடு. அதையும் வரியில் சொல்லிவிடுங்கள், ஐயா.

ஆற்காட்டிலிருந்து

*

இருவருக்கும் நன்றி. ‘இன்னும் கண்டறியப்படாத எட்டும் வளம், சராசரி மதிப்பீட்டின்படி 1,040 கோடி பீப்பாய்’ என்று வரியைத் திருத்திவிட்டேன். ‘இருப்பு’ வந்த மற்ற இடங்களையும் பார்த்துவிட்டு வரைவை அனுப்புகிறேன்.

ஆம்பூரிலிருந்து