அறிவியல் சொல் வரைதல் போட்டி: பயிற்சி முறை குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவர் அணிகள் இரண்டை, சேலத்தில் நடைபெறவுள்ள அறிவியல் சொல் வரைதல் போட்டிக்குத் தயார்செய்து வருகிறேன். எழுத்தும் எண்ணும் இன்றி, வாய் திறவாமல் ஒருவர் வரைய, மற்றவர்கள் குறித்த நேரத்துக்குள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எரிமலை, மகரந்தச் சேர்க்கை போன்றவற்றில் சிக்கல் இல்லை. நீராவிப்போக்குக்கு ஒரு மாணவி காப்பி இலையின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கி, இலைத்துளைகளிலிருந்து ஆவி வெளியேறுவதாக வரைந்தபோது, அணியினர் ஆவியாதல், சுவாசித்தல் என்றே அடுக்கிக்கொண்டிருந்தனர். வேர் உறிஞ்சிய நீர் தண்டு வழியே ஏறுவதையும் சேர்த்த பிறகே விடை வந்தது. நிலைமத்துக்கு (பொருள் தன் இயக்க நிலை மாறுவதை எதிர்க்கும் தன்மை), கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பேருந்தில் பயணிகள் வெளிப்புறம் சாய்வதை வரைந்தால் போதும், மலைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். வினையூக்கி, மின்தடை, தகவமைப்பு ஆகியவற்றுக்கு இத்தகைய பிடி கிடைக்கவில்லை.

ஓவியத் திறனைவிட, சொல்லின் தனித்தன்மையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே முக்கியம் என்பது என் கணிப்பு. (அழகாக வரைபவர்கள் பெரும்பாலும் நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.) இத்தகைய போட்டிகளுக்குப் பயிற்சி அளித்த ஆசிரியர்கள், கருத்துச் சொற்களை எவ்வாறு பழக்கினீர்கள் என்பதையும், வரைபவரை நிலையாக வைத்தீர்களா, சுழற்சியில் மாற்றினீர்களா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்து தொகுத்த சொற்பட்டியல் இருப்பின் பகிருமாறும் வேண்டுகிறேன்.