3 எப்படி 8 ஆனது

குழு: தோட்டத்து வீடு

தீபா, காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். என் ஸ்கூட்டிக்கு அபராதம் என்று நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது. பல்லடம் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் போனேனாம். அன்றைக்கு முழுக்க நான் பீளமேட்டில் ஆபீஸில் இருந்தேன், வண்டி கீழே பார்க்கிங்கில் நின்றது. கேமராவில் விழுந்த படத்தைப் போடுகிறேன், பாருங்கள்.

தீபா, 7:13
(படம்)

கவின், 7:20
அக்கா, இது பைக். பின்னால் இருந்து பார்த்தாலே தெரிகிறதே!

தீபா, 7:22
ஆனால் நம்பர் என்னுடையதுதான்டா. டிஎன் 66-இல் தொடங்கிக் கடைசி 8 வரைக்கும் அப்படியே இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

செல்வி அத்தை, 7:30
ஐயோ கண்ணு, அந்த வண்டிக்காரன் எங்காவது யாரையாவது இடித்துவிட்டுப் போனால் உன் வீட்டு வாசலில் அல்லவா வந்து நிற்பார்கள். அண்ணா, எழுந்தாச்சுங்களா? கொஞ்சம் பாருங்க.

பெரியப்பா, 7:48
சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு இப்போதுதான் வந்தேன். அம்மிணி, படத்தைப் பெரிதாக்கிக் கடைசி 8-ஐ மட்டும் பார். 8 எழுதினால் இரண்டு பக்கமும் இடுப்பு ஒரே அளவுக்கு உள்ளே வாங்க வேண்டும். இதில் வலப்பக்கம்தான் இடுப்பு இருக்கிறது. இடப்பக்கம் குச்சி நட்டது போல நேராக நிற்கிறது. இது 8 இல்லை. 3-இன் வாயைக் கறுப்பு டேப்பு ஒட்டி அடைத்திருக்கிறான்.

தீபா, 7:51
ஆமாம் பெரியப்பா! டேப்பின் கீழ் முனை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பது கூடத் தெரிகிறது.

பெரியப்பா, 7:58
முப்பது வருஷம் லாரிக்கு நம்பர் எழுதின கை, கண்ணு. லாரிக்கு எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 தடிமன், ஒன்றுக்கொன்று 10 இடைவெளி. சட்டத்தில் இருக்கிற அளவு. நான் 10 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தகரத்துண்டு ஒன்று வெட்டி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பேன். சாக்பீஸ் நூலில் கோடு அடித்து, அணில்முடி பிரஷ்ஷில் எனாமல் தொட்டு இழுத்தால் ஒரு தகட்டுக்கு அரை மணி ஆகும். 3-ஐயும் 8-ஐயும் எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ராத்திரியில், மழையில், அடிபட்டுக் கிடக்கிற ஒருத்தன் அந்த நம்பரைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவனுக்காகத்தான் எழுதுகிறோம் என்று என் குரு சொல்லிக் கொடுத்தார்.

கவின், 8:05
பெரியப்பா, ஜெர்மனியில் இதற்காகவே தனி எழுத்துருவம் செய்தார்கள். காலேஜில் டிசைன் பேப்பரில் படித்தோம். பி-யை ஆர் ஆக்க முடியாது, 3-ஐ 8 ஆக்க முடியாது. ஒவ்வொரு எழுத்தையும் வேண்டுமென்றே வேறுவேறு மாதிரி வளைத்திருப்பார்கள். 1970-களில் தீவிரவாதிகள் நம்பரைத் திருத்தி ஓட்டியதால் அந்த யோசனை வந்ததாம். 2000-இல் கட்டாயம் ஆக்கினார்கள்.

பெரியப்பா, 8:09
நல்ல வேலை. செய்தவன் தொழில் தெரிந்தவன். நம் ஊரில் ஆங்கில ஐ, ஓ இரண்டு எழுத்தையும் நம்பர் சீரிஸில் சேர்ப்பதே இல்லை, கவனித்திருக்கிறாயா? 1, 0 என்று குழம்பிவிடும் என்பதால்தான்.

பெரியப்பா, 8:12
தீபா, வண்டி எந்த வருஷம் எடுத்தாய்?

தீபா, 8:13
2021.

பெரியப்பா, 8:19
அப்படியென்றால் பிழைத்தாய். 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த வண்டிக்கெல்லாம் கம்பெனியிலிருந்தே உயர் பாதுகாப்புத் தகடு வரும். இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் பளபளவென்று ஒட்டியிருக்கும், அதன் கீழே நீலத்தில் நாட்டுப் பெயரின் மூன்று எழுத்து. எழுத்தெல்லாம் அலுமினியத்தில் புடைத்து நிற்கும். படத்தில் இருக்கிற தகட்டைப் பார், வெறும் ஸ்டிக்கர். சக்கரமும் இல்லை, நீலமும் இல்லை. உன் தகட்டைப் படம் எடுத்து இதன் பக்கத்தில் வைத்தாலே போதும்.

செல்வி அத்தை, 8:24
நம்பரில் இவ்வளவு இருக்கிறதா. எனக்குத் தெரிந்ததெல்லாம் 34 தான். உங்கள் மாமா போர்வெல் போடுகிற வண்டியில் ராஜஸ்தான் போயிருந்தபோது, ஒரு மாசம் தமிழ் பேச ஆளில்லாமல் கிடந்தார். ஒரு நாள் பெட்ரோல் பங்கில் டிஎன் 34 நின்றதாம். யார் என்றே தெரியாது, ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "திருச்செங்கோடுங்களா?" என்று கேட்டாராம். அன்றைக்கு ராத்திரி அவர்கள் வண்டியிலேயே ரசம் வைத்துச் சாப்பிட்டார்கள். இன்னும் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார்.

பெரியப்பா, 8:31
செல்வி, நீ சொன்னது ரொம்பச் சரி. நம் அப்பாவின் ராஜ்தூத்தில் அந்த 34, 33 எல்லாம் இல்லை. மூன்று எழுத்து, அப்புறம் எண். முதல் எழுத்து எம், மதராஸின் எம். மாநிலத்தின் பெயர் மாறின பிறகு வந்த வண்டிகளுக்கு டி. இப்போது இருக்கிற முறை 1989-இல் வந்தது. முதலில் பெருந்துறைக்காரன் வண்டியும் ஈரோட்டு 33 தான். அப்புறம்தான் நமக்கென்று 56 வந்தது. கோயமுத்தூருக்கு 37, 38 போதாமல் 66 வந்து, இப்போது 99 வரை போய்விட்டது.

கவின், 8:36
உலகத்திலேயே முதலில் நம்பர் தகடு வந்தது பாரிஸில்தான் பெரியப்பா, 1893-இல். அப்போது நம்பரோடு வண்டிக்காரர் பேரும் விலாசமும் தகட்டில் எழுத வேண்டும். இடப்பக்கம் மாட்ட வேண்டும், ஒருபோதும் மறைக்கக் கூடாது என்று போலீஸ் உத்தரவு.

பெரியப்பா, 8:40
பார்த்தாயா, முதல் உத்தரவிலேயே "மறைக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறார்கள். கவின், வெள்ளிக்கிழமை உன் பைக் வருகிறது. அதன் தகட்டைக் கழற்றிவிட்டுத் தமிழ் எண்ணில் குலதெய்வம் பேரோடு எழுதித் தரச் சொன்னாயே.

கவின், 8:42
ஆமாம் பெரியப்பா, உங்கள் கையெழுத்து என் வண்டியில் இருக்க வேண்டும் என்று ஆசை.

பெரியப்பா, 8:47
எனக்கும் ஆசைதான் கண்ணு. ஆனால் தகட்டில் வேண்டாம். தமிழில் எழுதினால் சட்டப்படி செல்லாது. அந்தத் தகட்டின் பூட்டும் ஒரு முறைதான் போடலாம், கழற்றினால் உடைந்துவிடும். பெட்ரோல் டேங்கின் மேல் அண்ணமார் சாமி பேரை எழுதித் தருகிறேன். தங்க நிறத்தில், நிழல் விட்டு.

கவின், 8:48
சரிங்க பெரியப்பா. அதுவே போதும்.

செல்வி அத்தை, 8:50
அபராதத்துக்கு இப்போது என்ன செய்வது?

பெரியப்பா, 8:55
பணம் கட்டிவிடாதே தீபா. கட்டினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். செலான் வந்த இணையதளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது, அதில் இரண்டு படத்தையும் ஏற்று. ஆர்சி நகலையும் வை. அப்புறம் ஸ்டேஷனில் எழுத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள். அந்த டேப்புக்காரன் நாளைக்கு என்ன செய்தாலும் உன்னிடம் தேதி போட்ட காகிதம் இருக்க வேண்டும்.

தீபா, 9:20
(படம்)
பெரியப்பா, இது சரியா?

பெரியப்பா, 9:23
வெயில் பட்டு, படத்தில் அசோகச் சக்கரம் வெளுத்துவிட்டது. வண்டியை நிழலுக்குத் தள்ளி, குனிந்து நேராக எடு. கீழ் இடது மூலையில் லேசரில் பொறித்த பத்து இலக்கம் பொடியாக இருக்கும், அதைத் துணியால் துடைத்துத் தனியாக ஒரு படம். முன் தகட்டையும் எடுத்துவிடு.

தீபா, 9:31
(படம்)
(படம்)
(படம்)

பெரியப்பா, 9:32
இப்போது தெளிவு. அனுப்பிவிடு.