மைனர் 1000-க்கு டேண்டம் மாஸ்டர் சிலிண்டர்: தேவையா, வேண்டாத வேலையா?

குலசேகரம்_மைனர்:
1960 மோரிஸ் மைனர் 1000, 948 சிசி. நாலு வீலும் 7 இஞ்ச் டிரம், ஒத்தை லைன் பிரேக். பெடலை மிதிச்சுப் பிடிச்சா மெதுவா இறங்கிட்டே போகுது. வெளிய எங்கயும் ஒழுக்கு இல்ல. பேச்சிப்பாறை, கோதையாறு மலை ரோட்டுல ஓடுற வண்டி. பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுற பழைய மாஸ்டர் சிலிண்டரையே சரி பண்ணவா, இல்ல ரெண்டு தனி லைனுக்குத் தள்ளுற மாருதி டேண்டம் போடவா? போடுறதா இருந்தா 1 இஞ்ச் போர் (சிலிண்டர் உள் விட்டம்) எடு, பிரேக் நல்லா பிடிக்கும்னு ஒருத்தர் சொல்றார்.

கோட்டாறு_லேத்:
முதல்ல அந்த 1 இஞ்ச் பேச்சை விடுங்க தம்பி. மைனருக்கு வந்தது 7/8 இஞ்ச். அதோட பரப்பு 0.601 சதுர இஞ்ச். 1 இஞ்சுக்கு 0.785. அதே மிதிக்கு லைன்ல கிடைக்கிற பிரஷர் கிட்டத்தட்ட கால்வாசி குறையும். பெடல் மேலேயே கல்லு மாதிரி நிக்கும். அதை வச்சுத்தான் பிரேக் கூடியிருக்குன்னு நினைக்கிறாங்க. 3/4 இஞ்சுக்கு இறங்கினா பிரஷர் 36 சதவீதம் கூடும், ஆனா பெடலும் அதே கணக்குல கூடுதல் தூரம் போகணும்.

உங்க பெடல் இறங்குறது, பிஸ்டன் முனையில இருக்கிற ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால போறதால. பிஸ்டனை உருவிட்டு போருக்குள்ள டார்ச் அடிங்க. கப் வழக்கமா நிக்கிற இடத்துல கருப்புப் புள்ளியா குழி தெரியும். நகம் மாட்டுற குழின்னா வெறும் ரப்பர் கிட் போட்டுப் பிரயோஜனம் இல்ல, அந்த விளிம்பு புதுக் கப்பையும் தின்னுரும். போருக்குள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (குழாய்) இறக்கி 7/8-க்கே ஹோன் பண்ணி வழவழப்பாக்கினா பாடி இன்னும் பல காலம் ஓடும். காலை எடுத்ததும் ஆயில் தொட்டிக்குத் திரும்புற ரிட்டர்ன் துளை ஊசி முனை அளவுதான். அதை ஸ்லீவுல திரும்பப் போடும்போது உள்பக்கம் பிசிறு ஒரு துளியும் நிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் கப் அதைத் தாண்டித்தான் போகுது. டேண்டம் வேண்டாத வேலை.

முட்டம்_கடலோரம்:
அப்படி எப்படிச் சொல்றீங்க அண்ணாச்சி? ஸ்லீவ் போட்டாலும் லைன் ஒண்ணுதானே. ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு வீலும் போச்சு, கை பிரேக் மட்டும்தான் மிச்சம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காத்து வேற. ஸ்டீல் பைப் துருப்பிடிக்கிறது கிளிப்புக்கு அடியில. வெளிய பார்த்தா பெயின்ட் நல்லாத்தான் இருக்கும். டேண்டத்துல முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு. ஒண்ணு போனாலும் மத்தது நிறுத்தும்.

இன்னொன்னு, மைனருக்கு ஆயில் ஊத்துற மூடி கால் மேட்டுக்கு அடியில, தரைத் துளைக்குள்ள. திறந்தாலே மணல் விழும். அதனாலயே யாரும் அளவு பார்க்கிறதில்ல. தொட்டியை பானட்டுக்குள்ள ஏத்தியே ஆகணும்.

கோட்டாறு_லேத்:
தொட்டி விஷயம் சரி. அதுக்கு டேண்டம் எதுக்கு? பழைய சிலிண்டர் மூடி இடத்துலயே யூனியன் வச்சு ஹோஸை மேல கொண்டு போகலாம்.

நீங்க சொல்லாம விட்டது இது: ஒரு லைன் போனா அந்த அறை காலி. பிஸ்டன் போய் முட்டின பிறகுதான் மத்த லைன்ல பிரஷர் ஏறும். அதுவரை பெடல் சும்மா இறங்கும். மைனர் பெடல் தரையைத் துளைச்சு வர்றது. பிரஷர் ஏறுறதுக்கு முன்னாலயே தரையில முட்டினா ரெண்டு லைன் இருந்து என்ன பண்ண? பிராக்கெட் வெல்டு பண்ணி மாட்டுறவங்க பல பேர் இந்தக் கணக்கைப் பார்க்கிறதே இல்ல.

முட்டம்_கடலோரம்:
பார்க்காம மாட்டினா தப்புதான். அதுக்குத்தான் சோதனை. லைன்ல இருக்கிற ஏர் எடுத்து, பிரேக் ஷூ எல்லாம் டிரம்முக்கு ஒட்ட அட்ஜஸ்ட் பண்ணுங்க. முன்னால வீலுக்கு ரெண்டு அட்ஜஸ்டர், பின்னால ஒண்ணு. வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி, முன் வீல்ல ஏர் எடுக்கிற நிப்பிள் ஒண்ணுல டியூப் மாட்டித் திறந்து விட்டு பெடலை மிதிங்க. தரையில முட்டுறதுக்குள்ள பின் வீல் கையால சுத்த முடியாதபடி பிடிக்கணும். அப்புறம் முன்னை மூடி, பின்னைத் திறந்து முன் வீலைப் பாருங்க. தேறலைன்னா பெடல்லேர்ந்து பிஸ்டனைத் தள்ளுற புஷ் ராட் நீளம், சிலிண்டர் உட்கார்ற இடம் ரெண்டையும் மாத்தணும். அது தேறாம வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே கூடாது. முடிஞ்சதும் மறுபடி ஏர் எடுக்கணும்.

மார்த்தாண்டம்_ஏ_சீரிஸ்:
ரெண்டு பேரும் வால்வை விட்டுட்டீங்க. பழைய சிலிண்டர் முனையில செக் வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் லைன்ல கொஞ்சம் பிரஷர் நிக்கும், வீல் சிலிண்டர் கப் உதடு விரிஞ்சே இருக்கும். முன் டிஸ்க் வண்டியோட டேண்டத்துல டிஸ்க் லைனுக்கு அந்த அளவு வால்வு இருக்காது. அதை அப்படியே டிரம்முக்குக் கொடுத்தா முதல் மிதி ஆழமா போகும், கப் ஓரமா காத்தும் இழுக்கும். 10 பிஎஸ்ஐ வால்வு தனியா வைங்க. பிற்பாடு முன்னால டிஸ்க் போட்டா அதைக் கழட்டிட்டு 2 பிஎஸ்ஐ. இல்லைன்னா டிஸ்க் உரசிக்கிட்டே இருக்கும்.

புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் 1 மில்லி ஆட்டம் விடுங்க. ஆட்டமே இல்லைன்னா கப் ரிட்டர்ன் துளையை மூடிக்கும், ஆயில் சூடாகி விரிய விரிய பிரேக் தானாப் பிடிச்சுக்கும்.

பழைய பைப் நட்டு அங்குல த்ரெட், மாருதி எம்10×1. ரெண்டு சுத்து ஏறி இறுகினா சேர்ந்துட்டுன்னு நினைச்சு முறுக்காதீங்க. ஃபிளேரும் (பைப் முனையோட விரிவு) வேற, அந்த முனையை புது சிலிண்டருக்குத் தக்கபடி திரும்ப அடிக்கணும்.

கோட்டாறு_லேத்:
இவ்வளவு வேலை செஞ்சும் கோதையாறு இறக்கத்துக்கு விடிவு இல்லையே. பெடல் கட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா லைனிங் சூடு. மெத்துனு போனா ஆயில் கொதிச்சிருக்கு. மாஸ்டர் சிலிண்டர் மாத்தி இது ரெண்டும் தீராது. செகண்ட் கியர்ல இறங்கணும்.

முட்டம்_கடலோரம்:
சூட்டுக்கு டேண்டம் மருந்துன்னு நான் சொல்லல. லைன் அறுந்தா என்ன செய்யங்கிறதுக்குத்தான் டேண்டம். ஆயில் கொதிக்கிறது ஈரத்தால: டாட் 4 பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினா 155. கடலோரத்துல வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

குலசேகரம்_மைனர்:
எதுவானாலும் பழசைக் கழட்டணும். சிலிண்டர் போல்ட் பாதி வந்து நிக்குது, முன் சஸ்பென்ஷனோட டோர்ஷன் பார் (முறுக்குக் கம்பி) இடிக்குது. போல்ட்டை அறுக்கவா?

கோட்டாறு_லேத்:
அறுக்காதீங்க. வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி, டோர்ஷன் பாரோட இறுக்கத்தை எடுத்த பிறகு பாரை ஒதுக்கினா போல்ட் முழுசா வரும். பாரைக் கழட்டுறதுக்கு முன்னால ரெண்டு முனையிலயும் பெயின்டால குறி போடுங்க. ஒரு பல் மாறினாலும் வண்டி உயரம் ஒரு பக்கம் சாயும்.