மருந்து எதிர்ப்பு: எதிர்ப்பது யார்?

காரைக்குடி:
அனைவருக்கும் வணக்கம். சிகிச்சை பலிக்காத காசநோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மருந்து எதிர்ப்புக் காசநோய்’ என்ற தொடர் இடிக்கிறது. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ நல்லது என்று காலமெல்லாம் சொல்லிவிட்டோம். ‘உங்களுக்கு மருந்து எதிர்ப்பு இருக்கிறது’ என்றால் அதையும் நல்லதென்றே எடுத்துக்கொள்வார்கள். அல்லது பழி தம்மேல் என்று குறுகிப்போவார்கள். எதிர்ப்பது கிருமி. வேறு சொல் வேண்டும்.

தேவகோட்டை:
குற்றம் தொகையில், அதாவது உருபு மறைந்து நிற்கும் ‘மருந்து எதிர்ப்பு’ என்ற தொடரில். ‘மருந்தை எதிர்ப்பது’ என்றும் விரியும், ‘மருந்தினது எதிர்ப்பு’ என்றும் விரியும். ‘மருந்தடங்காக் காசம்’ என்க. அடங்கா, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். ‘காசம்’ என்பதே வடமொழியில் இருமல்தான். இந்நோய்க்கு அங்கும் க்ஷயம் என்றே பெயர். எலும்புருக்கி என்ற நம் சொல் இருக்க இருமலை ஏன் சுமக்கிறோம்?

பள்ளத்தூர்:
புலவர் ஐயா, இரண்டாம் பக்கத்தில் ‘நான்கு மருந்து அடங்கிய மாத்திரை’ என்றிருக்கிறது. பக்கத்திலேயே ‘மருந்தடங்கா’ வந்தால் மருந்தில்லாத மாத்திரை என்று படிப்பார்கள்.

இன்னொன்று. சிகிச்சைத் தோல்வியையும் மருந்து எதிர்ப்பையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். ஐந்தாம் மாதச் சளியில் கிருமி தெரிந்தால் எடைக்குக் குறைந்த அளவு, விட்டுவிட்டுச் சாப்பிட்டது, குடல் உறிஞ்சாதது, எதுவும் காரணமாகலாம். 50 கிலோக்காரருக்கு நாளுக்கு 4 மாத்திரை. 3 கொடுத்தால் போதாது. மரபணுச் சோதனை செத்த கிருமியையும் காட்டும். அதனால் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, வேண்டும். ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்துக்கு அசையாத கிருமி ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று தானாகவே பிறக்கிறது, ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குப் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரல் குழியில் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு மருந்து மட்டும் வேலை செய்தால் மற்ற கிருமிகள் சாகும், அந்த மருந்துக்கு அசையாத கிருமி பெருகும். அது அடுத்தவருக்கும் தொற்றும். மாத்திரையே தொடாதவருக்கும் வரும்.

கானாடுகாத்தான்:
‘மசியாக் கிருமி’ என்றால் என்ன? உப்புத்தண்ணீரில் போட்ட துவரம்பருப்பு எவ்வளவு நேரம் வெந்தாலும், மத்தால் எவ்வளவு கடைந்தாலும் பருக்கை பருக்கையாகவே நிற்கும். அடுப்பில் குறையில்லை, ஆக்குபவர்மேலும் குறையில்லை. ‘எதற்கும் மசியமாட்டான்’ என்பது எல்லோர் வாயிலும் உள்ளதுதானே.

தேவகோட்டை:
ஆச்சி, அது அடுக்களை வழக்கு. ஐயம் நீங்க நான்காம் உருபை விரித்து ‘மருந்துக்கடங்கா’ என்று எழுதலாமே. குறளில் ‘தணிக்கும் வாய்’ என்றிருப்பதால் ‘தணியாக் காசம்’ என்றாலும் தகும்.

பள்ளத்தூர்:
‘தணியா’ என்றால் தீராது என்றாகிவிடும். பெடாகுயிலின், பிரிடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்து ஆறே மாதத்தில் பலரைக் குணமாக்குகின்றன. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் மசியாததற்கே ‘பன்மருந்து’ என்ற அடை. எந்த மருந்துக்கு மசியவில்லை என்று பெயரோடு எழுதுங்கள். மற்றது கேட்கும் என்ற நம்பிக்கை அதில்தான் வரும்.

காரைக்குடி:
நேரமில்லை. உள்ளே ‘மருந்துக்கு மசியாக் கிருமி’. அட்டையில் பழைய பெயரே இருக்கட்டும், ஆய்வக அறிக்கையில் அதுதான் வரும்.

தேவகோட்டை:
அச்சடியுங்கள். ‘மசியா’வுக்கு என் ஒப்புதல் இல்லை. எலும்புருக்கி பற்றித் தனியே எழுதுகிறேன்.